முழங்கால் அறுவைக் காயமும் உறிஞ்சு கட்டும்

வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே முறிக்க வரும் மூத்த குடிமக்களிடம் காரணம் வினவினால், ‘முழங்கால் மாற்று அறுவை’ என்ற விடை தில்லிக் கிளைகளில் அடிக்கடி கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டது நாடறிந்த செய்தியாயிற்று. இன்று அச்சிகிச்சை நடுத்தரக் குடும்பங்களின் செலவுப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

தில்லியில் இயங்கும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. சராசரியாக ரூ.1,58,324 என்றிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக, ரூ.54,720க்கு இறங்கியது. ஆயினும் அவ்வாணை மூட்டுக்கு மட்டுமே உரியது. மருத்துவமனை தரும் மதிப்பீட்டில் ‘நெகடிவ் பிரஷர் டிரெஸ்ஸிங்’ என்றொரு வரியும் சில வேளைகளில் காணப்படுகிறது. சிலர் அதனை ‘வேக்கும் டிரெஸ்ஸிங்’ என்பர். அது என்ன, அவசியந்தானா என்பதை அறிந்துகொண்டு கையொப்பமிடுவது நல்லது.

தையலிட்ட காயத்தின்மேல் நுரைப்பஞ்சோ பல அடுக்குத் துணியோ வைத்து, காற்றுப் புகாத மெல்லிய படலத்தால் மூடுவார்கள். சிறு குழாய் ஒன்று அதனை உள்ளங்கையில் அடங்கும் மின்கல பம்புடன் இணைக்கும். பம்ப் உள்ளிருக்கும் காற்றை இழுப்பதால், கட்டுக்குள் அழுத்தம் வெளியைவிட 80 அல்லது 125 பாதரச மில்லிமீட்டர் குறைகிறது. வளிமண்டல அழுத்தம் 760 ஆதலின், பெரிய அளவான 125கூட அதில் ஆறில் ஒரு பங்கே. அவ்விழுப்பு காயத்தின் ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது, கசியும் நீரை உறிஞ்சுகிறது, வெளிக்கிருமிகளைத் தடுக்கிறது. கட்டு பொதுவாக 5 முதல் 7 நாள் வரை அவிழ்க்கப்படாமல் இருக்கும்.

அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்ஜென்டா, மோரிக்வாஸ் ஆகியோர் 1997இல் வெளியிட்ட முறை இது. அவர்கள் கையாண்டவை ஆறாத திறந்த புண்கள். மூடிய தையலுக்குப் பயன்படுத்துவது பின்னர் வந்த வழக்கம். முழங்காலுக்கு இதில் தனிக் காரணமும் உண்டு. அங்கே தோலுக்கும் உலோக மூட்டுக்கும் இடையே தசைப்பற்று மிகக் குறைவு. மறுநாளே காலை மடக்கி நடக்கவும் சொல்கிறார்கள். கசிவு நீடித்துக் கிருமி உள்ளே இறங்கினால் மூட்டையே கழற்றி மீண்டும் அறுவை செய்ய நேரலாம். அச்செலவு முதற்செலவைவிடப் பெரிது.

எனினும் எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தொற்று அபாயம் மிகுந்த காயங்களுக்கே இதனைப் பரிந்துரைத்தது. ஆதாரங்களின் தரம் குறைவு என்பதையும், நிதிவசதியைக் கருதவேண்டும் என்பதையும் உடன் குறிப்பிட்டது. கட்டுப்படாத நீரிழிவு, மிகுந்த உடற்பருமன், முடக்குவாதம், புகைப்பழக்கம், மறு அறுவை ஆகியவை அபாயத்தைக் கூட்டுவன. இவற்றுள் ஒன்றும் இல்லாதவர், ‘எனக்கு இது ஏன்?’ என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். சர்க்கரையை அறுவைக்கு முன்பே கட்டுக்குள் கொணர்வதும் புகையை நிறுத்துவதும் எந்தப் பம்புக்கும் குறைந்தவையல்ல, செலவும் இல்லை.

வீடு திரும்பியபின் பம்ப் எச்சரிக்கை ஒலி எழுப்பினால், படலம் எங்கோ விலகிக் காற்றுப் புகுகிறது என்பது பெரும்பாலும் காரணம். கட்டின் ஓரத்தில் கொப்புளம், பரவும் சிவப்பு, காய்ச்சல், நிற்காத கசிவு ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே மருத்துவரை அணுகவேண்டும்.

இனிப் பணம். மருத்துவக் காப்பீடு உடையோர், இக்கட்டுக்குத் தொகை உண்டா என்பதை அனுமதிக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுக. புதிதாகப் பாலிசி எடுப்போருக்கு மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலம் இருத்தல் கூடும். 2024 முதல் அது 36 மாதத்தை மீறலாகாது. எஞ்சிய தொகைக்காக வைப்பு நிதியை முறிக்குமுன் அதன்மீது கடன் பெறும் வழியைக் கிளையில் விசாரியுங்கள். முதிர்வுக்குச் சில மாதங்களே இருப்பின், முறிப்பதால் இழக்கும் வட்டியைவிடக் கடன் வட்டி பெரும்பாலும் குறைவாகவே அமையும்.