படிகாரமா, எலுமிச்சையா? வீட்டிலேயே ஆஃப்டர்ஷேவ் செய்யும் முன்…

பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ உள்ள நம்மவர் முடிதிருத்தும் நிலையங்களில் ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்குக் கற்கண்டு போல இருக்கும். சவரம் முடிந்ததும் அதை நீரில் நனைத்து முகத்தில் தேய்ப்பார்கள். சுள்ளென்று இழுக்கும். பிளேடு பட்ட இடத்தில் கசியும் ரத்தம் சிறிது நேரத்தில் நின்றுவிடும். அதுதான் படிகாரம். மலாய் மொழியில் ‘தாவாஸ்’.

மாணவர்களே, உங்களில் பலர் இப்போதுதான் சவரம் செய்யத் தொடங்கியிருப்பீர்கள். “கடையில் வாங்கும் ஆஃப்டர்ஷேவில் ரசாயனம் இருக்கிறது, எலுமிச்சை, புதினா போட்டு வீட்டிலேயே செய்தால் இயற்கையானது, கெடுதல் இல்லை” என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கலாம். இது சரிதானா? ஒவ்வொரு பொருளும் தோலில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வருவோம்.

சவரம் செய்யும்போது என்ன நடக்கிறது?

நம் தோலின் வெளிப்புறத்தில் இறந்த உயிரணுக்களால் ஆன மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. நீர் வெளியேறாமலும் கிருமி உள்ளே புகாமலும் காக்கும் மதில் அது. பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை. இந்த மதிலையும் ஆங்காங்கே சுரண்டி விடுகிறது. மேலும், தோலின் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 5, அதாவது இலேசான அமிலத்தன்மை. சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். எனவே சோப்பு போட்டுச் சவரம் செய்த முகம் வறண்டு, இறுகிப்போனது போல் இருக்கும்.

ஆக, சவரத்துக்குப் பின் பூசும் எதுவும் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்: ரத்தக் கசிவை நிறுத்துவது, கிருமியைத் தடுப்பது, ஈரத்தைப் பிடித்து வைப்பது. நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: புதிதாகக் கெடுதல் எதுவும் செய்யாமல் இருப்பது.

படிகாரத்தின் துவர்ப்பு

படிகாரத்தின் வேதியியல் பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். அதன் படிகத்துக்குள் ஒவ்வோர் அலுமினிய அயனிக்கும் 12 நீர் மூலக்கூறுகள் உள்ளன. கணக்குப் போட்டால், அந்தக் கல்லின் எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு நீர்தான்!

அலுமினிய அயனி மூன்று நேர்மின்னூட்டம் கொண்டது. அது புரதங்களின் எதிர்மின்னூட்டப் பகுதிகளோடு பிணைந்து அவற்றைத் திரள வைக்கிறது. சிறு வெட்டுக்காயத்தில் உள்ள ரத்தப் புரதங்கள் இப்படித் திரண்டு அடைப்பு போடுகின்றன. தோலின் மேற்பரப்பும் சற்றுச் சுருங்குகிறது. இதைத்தான் ‘துவர்ப்பு’ என்கிறோம். வாழைப்பூவைத் தின்றாலோ கடுமையான தே ஓ குடித்தாலோ நாக்கு இழுப்பதும் இதே வகை வேலைதான். அங்கே டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிணைக்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் அரைத் தேக்கரண்டி படிகாரத் தூளைப் போட்டுக் கலக்குங்கள். தெளிவாக இருந்தது வெண்மையாகத் திரளும். மழைக்குப் பிறகு கால்வாயில் ஓடும் கலங்கிய நீரை ஒரு புட்டியில் பிடித்து, சிறிது படிகாரம் போட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். மண் துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படியும். நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பயன்படுவதும் இந்தத் தத்துவம்தான். (சோதனைக்குப் பின் முட்டையையும் நீரையும் கொட்டிவிடுங்கள்.)

இன்னொரு செய்தி. கடையில் விற்கும் படிகாரம் பெரும்பாலும் பாக்சைட் தாதுவையும் கந்தக அமிலத்தையும் கொண்டு தொழிற்சாலையில் செய்யப்படுவது. ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் வைத்து நல்லது கெட்டதை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதுவே ஓர் எடுத்துக்காட்டு.

ஆல்கஹால் ஏன் எரிகிறது?

பாட்டிலில் வரும் பல ஆஃப்டர்ஷேவ்களில் இருப்பது எத்தனால். அது கிருமிகளின் புரதத்தைச் சிதைத்துக் கொல்கிறது. விரைவாக ஆவியாகிக் குளிர்ச்சியும் தருகிறது. அப்படியென்றால் ஏன் எரிகிறது? நம் நரம்பு முனைகளில் வெப்ப உணர்விகள் உண்டு. சாதாரணமாக ஏறக்குறைய 42 பாகை செல்சியசில்தான் அவை ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். எத்தனால் பட்டால் அந்த எல்லை ஏறக்குறைய 34 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நம் உடலின் வெப்பமே அதைவிட அதிகம். எனவே உங்கள் தோலின் சூடே உங்களைச் சுடுவதாக மூளை நினைக்கிறது. சிலி பாடியைக் கடித்தால் எரிவதும் இதே உணர்வியால்தான்.

எரிச்சலை ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று எண்ணிவிடாதீர்கள். எத்தனால் தோலின் கொழுப்பையும் கரைத்து வறட்சியைக் கூட்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை எக்காரணம் கொண்டும் முகத்தில் பூசாதீர்கள். அதில் மெத்தனால் கலந்திருக்கும். மெத்தனாலை நம் உடல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பைத் தாக்கும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்கூட மெத்தனால் உடலுக்குள் போகும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்ததைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனாலும் மெத்தனாலும் நிறத்தில் ஒன்றே. மணத்தை வைத்துப் பிரித்தறியவும் முடியாது.

எலுமிச்சை எனும் ஆபத்து

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறக்குறைய 2. பி.எச். ஒரு படி குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். அப்படியானால் பி.எச். 5 உள்ள தோலைவிட இச்சாறு ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை கொண்டது.

அதைவிடப் பெரிய சிக்கல், பச்சை எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள். இது தோலில் இருக்கும்போது சூரியனின் புறஊதாக் கதிர் பட்டால் தோல் உயிரணுக்கள் சேதமடையும். அன்றே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் சிவந்து, கொப்புளம் கிளம்பும். பிறகு கரும்படலம் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் மறையாது. காலையில் எலுமிச்சை பூசிக்கொண்டு பள்ளித் திடலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கில்தான் இருக்கிறோம். இங்கே புறஊதாக் கதிருக்குக் குறைவில்லை.

பாதுகாப்பான செய்முறை

முதலில், கொதிக்க வைத்து ஆறிய 100 மில்லிலிட்டர் நீரில் 1 கிராம் படிகாரத் தூளைக் கரையுங்கள். இது 1 விழுக்காட்டுக் கரைசல். சவரம் செய்த முகத்தை நீரால் கழுவியபின் இதைப் பஞ்சால் ஒற்றுங்கள். கண்ணில் படக்கூடாது. படிகாரக் கரைசலும் அமிலத்தன்மை உடையதுதான் என்பதால், அரை நிமிடம் கழித்துக் குளிர்ந்த நீரால் கழுவிவிடுங்கள்.

அடுத்து, முகத்தில் ஈரம் இருக்கும்போதே, ஒரு பங்கு கிளிசரினைப் பத்துப் பங்கு நீரில் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். கிளிசரின் நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கும். மருந்தகத்தில் கிடைக்கும். நம் நாட்டுச் செம்பனை எண்ணெயிலிருந்து சோப்பும் கொழுப்பமிலமும் செய்யும்போது கிடைக்கும் துணைப்பொருள்களில் அதுவும் ஒன்று.

மணப்பொருள் எதையும் சேர்க்காதீர்கள். தோல் ஒவ்வாமைக்கு அவை அடிக்கடி காரணமாகின்றன. முதன்முறை முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் காத்திருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் முகத்தில் பூச வேண்டாம். இரண்டு கரைசல்களிலும் கிருமித் தடுப்பு மருந்து எதுவும் இல்லாததால் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளில் கொட்டிவிடுங்கள். சீழ்ப் பருவோ ஆழமான வெட்டோ இருந்தால் எதையும் பூசாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

பகிரக்கூடாத கல்

ஒரே படிகாரக் கல்லைப் பலர் முகத்தில் தேய்ப்பது சரியல்ல. ஹெப்பாடைட்டிஸ் ‘பி’ வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். படிகாரம் அதைக் கொன்றுவிடும் என்று நம்பக்கூடாது. வீட்டில் அப்பாவுக்கு ஒரு கல், அண்ணனுக்கு ஒரு கல், உங்களுக்கு ஒரு கல் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விலை சில ரிங்கிட்தான். கடையில், “அண்ணே, எனக்குப் புது பிளேடு போடுங்க, படிகாரத்தைத் தூளாக்கித் தண்ணியில கரைச்சுப் பூசுங்க” என்று கேட்பதில் தவறில்லை.

செய்தது நன்றாக இருக்கிறதே என்று புட்டியில் அடைத்து நண்பர்களுக்கு விற்கக் கிளம்பிவிடாதீர்கள். மலேசியாவில் 2008 முதல் எந்த ஒப்பனைப் பொருளையும் விற்குமுன், பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவிப்புச் செய்திருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, யார் பொறுப்பு என்பது பதிவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த விதி.

இனி யாராவது ‘இது இயற்கையானது’ என்று எதையாவது முகத்தில் பூசச் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் என்ன இருக்கிறது? அது என் தோலில் என்ன செய்யும்? பதில் கிடைத்த பிறகு பூசலாம்.