சம்பளப் பட்டியலும் முதலாளியின் பொறுப்பும்

மாத இறுதியில் கூலியைக் கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை முடிந்துவிடுகின்றது என்னும் எண்ணம் சிறுதொழில் நடத்துவோர் சிலரிடம் இன்றும் காணப்படுகின்றது. மலேசியச் சட்டங்களை நோக்குமிடத்து, தொழிலாளியின் கைக்கு வரும் தொகை அவருக்குரிய ஊதியத்தின் ஒரு பகுதியே என்பது புலனாகும். எஞ்சிய பகுதி அவர்தம் முதுமை, விபத்து, வேலையிழப்பு ஆகியவற்றுக்கென ஒதுக்கப்படுவதாகும். அப்பகுதியைக் கையாளும் முறையை இங்கு நாம் சுருக்கமாக ஆராய்வோம்.

இவ்வொதுக்கீடு மூவகைப்படும். முதலாவது, 1951ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டு, தற்போது 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஊழியர் சேமநிதி. இரண்டாவது, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சமூகப் பாதுகாப்புத் திட்டம். இதனையே நாம் சொக்சோ என்கிறோம். மூன்றாவது, 2018ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டம்.

எடுத்துக்காட்டாக, 60 வயதுக்குட்பட்ட மலேசியக் குடிமகன் ஒருவர் 2,000 ரிங்கிட் ஊதியம் பெறுவதாகக் கொள்வோம். சேமநிதிக்கு அவர் ஊதியத்திலிருந்து 11 விழுக்காடு, அதாவது 220 ரிங்கிட் பிடிக்கப்படும். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 260 ரிங்கிட் சேர்த்தல் வேண்டும். ஆக 480 ரிங்கிட், அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் செலுத்தப்படுதல் வேண்டும்.

கணக்கிடுவதில் பிழை நேர்வதற்குரிய இடம் ஒன்றுண்டு. 'ஊதியம்' என்னும் சொல்லுக்கு எல்லாச் சட்டங்களும் ஒரே பொருள் கூறுவதில்லை. கூடுதல் நேர வேலைக்கான கூலி சேமநிதிக் கணக்கில் சேராது. சொக்சோ கணக்கில் சேரும். 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளமும் 300 ரிங்கிட் உணவுப்படியும் 200 ரிங்கிட் கூடுதல் நேரக் கூலியும் பெறுபவருக்குச் சேமநிதி 2,000 ரிங்கிட்டுக்கும், சொக்சோ 2,200 ரிங்கிட்டுக்கும் கணக்கிடப்படும். எனவே சம்பளச் சீட்டில் ஒவ்வொரு தொகையும் தனித்தனியே காட்டப்படுதல் இன்றியமையாதது.

பிடித்த பணத்தைச் செலுத்தாது விடுதல் வெறும் கணக்குப் பிழையன்று. அப்பணம் முதலாளியின் மூலதனமன்று, தொழிலாளியின் உடைமை. ஆகவேதான், தொழிலாளியின் பங்கைப் பிடித்துச் செலுத்தத் தவறியோருக்கு ஆறாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை தண்டம், அல்லது இரண்டும் எனச் சேமநிதிச் சட்டம் விதிக்கின்றது. சந்தா செலுத்தத் தவறியது நிறுவனமாயின், அதன் இயக்குநர்களும் அக்கடனுக்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர்.

எனினும் தண்டனையால் மட்டும் இழப்பு ஈடாகிவிடாது. 55 வயதில் கணக்கைப் பார்க்கும்போதுதான் பல்லாண்டுச் சந்தா இல்லாமை தெரியவருமாயின், அதற்குள் நிறுவனமே மூடப்பட்டிருக்கலாம். ஆதலின் முதலாளி மாதந்தோறும் பட்டியலைச் சரிபார்த்தலும், தொழிலாளி தம் சேமநிதி அறிக்கையைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டு நோக்குதலும் வேண்டும். இவ்விரு வழக்கங்களும் நிலைபெறுமாயின், உழைத்தவரின் முதுமை பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை பெரிதும் குறையும் என்பது நம் துணிபாகும்.