ஆறு குட்டிகள், ஆறு படங்கள்

வீட்டு நாய் குட்டி போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குத் திருவிழாதான். பள்ளி விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு, குட்டிகள் கிடக்கும் இடத்துக்கே ஓடுவார்கள். அப்பாவின் கைப்பேசியைக் கெஞ்சி வாங்கி இருபது முப்பது படங்கள் எடுத்துத் தள்ளுவார்கள். பிறகு பார்த்தால் ஒரு படத்தில் வால் மட்டும் இருக்கும். இன்னொன்றில் ஒரே இருட்டு. மற்றொன்றில் தாய் நாயின் கண்கள் இரண்டும் பச்சை விளக்குப் போல மின்னிக்கொண்டிருக்கும்.

பெரியவர்களுக்கோ வேறு கவலை. நாய் ஒன்று, குட்டிகள் ஆறு. இரண்டு மாதத்திற்குள் ஆறுக்கும் வீடு தேட வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இதற்கு நம் தோட்டங்களில் பழைய விடை ஒன்று உண்டு. கோணிச் சாக்கு! இருட்டியபின் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், சந்தைப் பக்கத்திலோ தூரத்துச் செம்பனைக் காட்டிலோ இறக்கிவிட்டு, "யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்று சொல்லிக்கொண்டே திரும்பிவிடுவது. யாரும் எடுக்கப்போவதில்லை என்பது சொல்கிறவருக்கும் தெரியும்.

குட்டிகளைப் படம் பிடிப்பதைப் பற்றி எழுதும்போது அந்தச் சாக்கு என் கண்முன் நிற்கத்தான் செய்கிறது. ஏனென்றால் இன்று ஒரு குட்டிக்கு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் ஒரு படத்தில்தான் தொடங்குகிறது. முன்பெல்லாம் லயத்தில் நாலு வீடு தள்ளிச் சொன்னால் போதும். பால்மரக் காட்டுக்குத் துணையாகப் போகவும், வாசலில் பாம்பு வந்தால் குரைக்கவும் எல்லா வீட்டிலும் ஒரு நாய் வேண்டியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனபின், நாய் வளர்க்க இடம் உள்ளவர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். அவர்களைத் தேடிப் போவது வாட்சாப்பில் நாம் அனுப்பும் படம்தான்.

பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, இதை ஓர் அம்மாள் எனக்கு நன்றாக விளக்கினார். அவர் வீட்டில் ஆறு குட்டிகள். ஒரு கூடையில் ஆறையும் அள்ளிப் போட்டு எடுத்த படத்தை உறவினர் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். படம் என்னவோ அழகாகத்தான் இருந்தது.

"ஆறையும் ஒண்ணாக் காட்டுனா எல்லாரும் 'ஐயோ அழகா இருக்கே'ன்னு சொல்றாங்க தம்பி. எனக்கு ஒண்ணு குடுங்கன்னு ஒருத்தர்கூட கேக்கல" என்றார்.

பிறகு மகள் ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பினாளாம். மறுநாளே, "அந்த நெற்றியில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறதே, அது ஆணா, பெட்டையா?" என்று ஒரு கேள்வி வந்தது. கூடையில் கிடந்தபோது அந்தக் கோடு யார் கண்ணிலும் படவில்லை. கும்பலாக எடுத்த படம் நம் ஆசைக்கு இருக்கட்டும். வீடு தேட வேண்டுமானால் ஆறு குட்டிக்கும் ஆறு படம் வேண்டும்.

எப்போது எடுப்பது?

பிறந்த அன்றே எடுக்கத் துடிக்காதீர்கள். நாய்க்குட்டி பிறக்கும்போது கண்ணும் திறந்திருக்காது, காதும் கேட்காது. கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். காது திறக்க இன்னும் சில நாள் பிடிக்கும். முதல் இரண்டு வாரமும் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவைகளின் உடம்பும்தான் அதற்கு அடுப்பு. அப்படிப்பட்ட உயிரைப் படத்துக்காகச் சிமெண்டுத் தரையில் தனியாகக் கிடத்தினால், நமக்குப் படம் கிடைக்கும், அதற்குக் குளிர் கண்டுவிடும். அந்த நாட்களில் ஒரு படம் வேண்டுமென்றால், தாய்க்குச் சோறு வைக்கும் ஆள் மட்டும் அருகே போய், குட்டிகளைத் தொடாமல் கிடந்தபடியே ஒன்றிரண்டு எடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். அந்நியர் வந்து நின்றால் தாய் மிரளும். குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் பார்க்கும், கடிக்கவும் வரும்.

மூன்றாம் வாரத்தில் தள்ளாடித் தள்ளாடி நடக்கத் தொடங்கும், பல்லும் முளைக்கத் தொடங்கும். வீடு தேடுவதற்கான படத்துக்கு ஐந்தாவது, ஆறாவது வாரம்தான் சரியான காலம். முகத்துக்கு ஓர் அடையாளமும் குணத்துக்கு ஒரு சாயலும் வந்துவிடும். தாயைவிட்டுப் பிரிக்க எட்டு வாரமாவது ஆக வேண்டும் என்பதால், கேட்கிறவர் யோசிக்கவும் நாம் அவரைப் பற்றி விசாரிக்கவும் இரண்டு மூன்று வாரம் கையில் இருக்கும். நான்கு வாரக் குட்டியைக் கேட்டு அவசரப்படுத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் படத்தை மட்டும் கொடுங்கள்!

வெளிச்சம் இலவசம்

தோட்டத்து வீடுகளில் காலை வெளிச்சம் வேலைக்குப் போய்விடும். பரவாயில்லை, மாலை வெளிச்சம் அதற்குக் குறைந்ததல்ல. 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது மேற்கு மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். பெரட்டுக்கு இருட்டில் எழுந்து போகிறவர்கள் அதை இன்னும் குறை சொல்வதுண்டு. ஆனால் மாலை ஆறு மணிக்கும் வெயில் நிற்கிறது என்றால் அதன் புண்ணியம்தான். ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, வாசல் கூரையின் நிழலில், வெளிச்சம் வரும் பக்கம் பார்த்துக் குட்டியை விடுங்கள். நேர் வெயில் வேண்டாம். கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், பாதி முகம் வெளுத்துப் பாதி முகம் கறுத்துவிடும். பிளாஷும் வேண்டாம். தாய் நாயின் கண்கள் பச்சையாக மின்னியது அதனால்தான். இருட்டில் நன்றாகப் பார்ப்பதற்காக நாயின் விழிக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. பளிச்சென்று விழும் ஒளியை அது அப்படியே திருப்பி அடித்துவிடும்.

அடுத்தது, படுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் பெரிய தலையும் குட்டிக் கால்களுமாக ஏதோ பெருச்சாளி போலத் தெரியும். பழைய கைலியை விரித்து வயிறு தரையில் பட நீங்கள் படுத்தால், உங்கள் கண்ணும் குட்டியின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். முடியாத பெரியவர்கள் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிக்கலாம். அப்போது லென்ஸ் கீழ்ப்பக்கம் வந்து தரையை ஒட்டி நிற்கும். லென்சைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம். கைப்பேசிப் படங்கள் மங்கலாக இருப்பதற்குப் பாதிக் காரணம் விரல் எண்ணெய்தான். மூக்கருகே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு மட்டும் கத்தரிக்காய் அளவுக்குத் தெரியும். மூன்றடி தள்ளியே இருங்கள்.

குட்டியைப் பெஞ்சியிலோ மேசையிலோ ஏற்றக்கூடாது. விழுந்தால் கால் போய்விடும். தரையிலேயே ஒரு நிறத் துணியை விரித்து விடலாம். பூப்போட்ட துணி வேண்டாம், பார்ப்பவர் கண் பூவுக்குப் போய்விடும். பக்கத்தில் ஒரு பால் டின்னை வைத்து ஒரு படம் எடுத்தால், குட்டி எவ்வளவு பெரிது என்று ஒரு வார்த்தை இல்லாமல் விளங்கும்.

கறுப்புக் குட்டிதான் எல்லாருக்கும் தொல்லை. முகம் கரிக்கட்டை மாதிரி, இரண்டு கண்ணும் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். திரையில் குட்டியின் முகத்தின்மேல் விரலால் ஒருமுறை தட்டுங்கள். பல கைப்பேசிகளில் சூரியன் போல ஒரு குறி வரும், அதைச் சற்று மேலே தள்ளினால் முகம் தெளியும். பின்னால் வெள்ளைச் சுவர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் ரோமத்தின் மினுமினுப்பும் தெரியும். வெள்ளைக் குட்டிக்கு இதற்கு நேர்மாறாக, குறியைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும்.

பால் குடித்து, விளையாடி ஓய்ந்து, தூக்கம் இன்னும் வராத அந்தச் சில நிமிடங்கள்தாம் தனிப் படத்துக்கு நேரம். ஒரு பிள்ளை குட்டியைக் கொண்டுவந்து விடட்டும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றொரு கை பின்புறத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இன்னொரு பிள்ளை உங்கள் தலைக்குப் பின்னால் நின்று பிளாஸ்டிக் பையைக் கசக்கட்டும். குட்டி காதைத் தூக்கித் தலையைச் சாய்த்துப் பார்க்கும், எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறைக்குமேல் அந்தச் சத்தம் பலிக்காது. அன்று 12 படம் எடுக்கும் பிலிம் சுருளைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் காசை எண்ணிப் பார்த்தவர்கள் நாம். இன்று ஒரு குட்டிக்கு இருபது எடுத்துப் பத்தொன்பதை அழிக்கலாம். அழிக்கத்தான் நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை.

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பிறந்தநாள் ரிப்பன் எல்லாம் எதற்கு? அடையாளத்துக்காகக் கழுத்தில் ரப்பர் வளையம் போடுவது அதைவிட மோசம். குட்டி வளர வளர அது தோலை அறுத்து உள்ளே இறங்கிவிடும். பின்னங்கால் நகத்தில் ஒரு பொட்டு நகச்சாயம் போதும்.

அக்கம்பக்கத்தையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். நம் மலாய் அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால், சமய முறைப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஆகவே படம் எடுக்கிறோம் என்று பொது நடைபாதையில் குட்டிகளை ஓடவிடாமல், நம் வாசலுக்குள்ளேயே வைத்துக்கொள்வது மரியாதை. தெருவில் குட்டி போட்ட அநாதை நாயாக இருந்தால் தூரத்திலிருந்தே எடுங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மறந்துவிட முடியாது. பிள்ளையைக் கடித்துவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் தடவிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது.

படத்தோடு நாலு வரி

படம் மட்டும் போனால் பதிலாக இதயக் குறிகள்தாம் வரும். பிறந்த தேதி, ஆணா பெட்டையா, இப்போது என்ன சாப்பிடுகிறது, பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா, எந்த ஊர் என்பதை எழுதுங்கள். வீட்டு எண் வேண்டாம். தாயின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். குட்டி நாளைக்கு எவ்வளவு உயரம் வளரும் என்பதற்கு அதுவே சாட்சி. "அல்சேஷன் கலப்பு" என்று கதை விடவேண்டாம். ஆறு மாதத்தில் உண்மை வளர்ந்து நிற்கும்போது, குட்டியைத்தான் தெருவில் விடுவார்கள்.

பெட்டைக் குட்டிகளின் கதை தனி. "கடுவன் இருந்தா குடுங்க" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சிலர் படத்தில் பெட்டை என்பதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் தெரிந்தால் அதே சாக்குதான். சொல்லித்தான் கொடுக்க வேண்டும், கருத்தடை பற்றியும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பெட்டை நாய் பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், சுமார் 63 நாளில் குட்டி போடும். அந்தப் பேராக் வீட்டில் கடுவன் இரண்டும் முதல் வாரத்திலேயே பேசி முடிந்தன. பெட்டைகளின் படத்தை அந்தப் பெண் ஒவ்வொரு வாரமும் புதிதாக எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். மூன்று போயின. கறுப்புப் பெட்டை ஒன்று மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. தாய்க்கும் அதற்கும் சேர்த்துக் கருத்தடை செய்ய, சம்பளத்தில் மாதம் கொஞ்சம் எடுத்து வைப்பதாக அந்த அம்மாள் சொன்னார்.

கேட்கிறவரிடம் நீங்களும் ஒரு படம் கேளுங்கள். குட்டி படுக்கப்போகும் இடத்தின் படம். கூரை இருக்கிறதா, வேலி இருக்கிறதா, ஒரு முழச் சங்கிலி சுவரில் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அவர் ஊர் நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ நாய் உரிமத்துக்கு என்ன விதி, எத்தனை நாய் வைக்கலாம் என்பதையும் கேட்டுவரச் சொல்லுங்கள், இடத்துக்கு இடம் அது மாறும். படம் அனுப்பத் தயங்குகிறவருக்குக் குட்டியை அனுப்ப அவசரமில்லை.

குட்டி போகும் நாளில், பூச்சி மருந்தும் தடுப்பூசியும் போட்ட தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் போடுவது. குட்டிகள் தாயோடு படுத்திருந்த துணியில் ஒரு துண்டையும் கிழித்துச் சேர்த்துக் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று இரவு குட்டி அழும். அந்தத் துணியைத் துவைக்காமல் கொடுக்க வேண்டும், தாயின் வாசம் அதில்தான் இருக்கிறது.