சுவர் விரிசல் சொல்லும் செய்தி

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரிலுள்ள விரிசலில் கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசிவிடுகிறோம். சுவர் புதிதுபோல் ஆகிவிடுகிறது. சித்திரை வெயில் ஏறியதும், அதே இடத்தில் அதே கோடு! சேலம், நாமக்கல் சமவெளியில் பல வீடுகளில் காணும் காட்சி இது. என் வீட்டிலும் மூன்று பொங்கலுக்கு இப்படியே நடந்தது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு நான்காம் ஆண்டில்தான் ஒரு கேள்வி எழுந்தது: விரிசலை அடைத்தேனே, அது ஏன் வந்தது என்று பார்த்தேனா?

சிமெண்ட்டுச் சாந்து அமுக்குவிசையை நன்கு தாங்கும். ஆனால் இழுவிசையைத் தாங்கும் வலிமை அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே பூச்சு எங்கே இழுக்கப்படுகிறதோ அங்கே அது விரியும். அதை இழுப்பது எது?

பூச்சு சுருங்குவது

சிமெண்ட் வேதிவினை புரிந்து இறுகுவதற்கு, அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு நீர் போதும். 50 கிலோ மூட்டைக்கு 12 லிட்டர் அளவுதான். ஆனால் கரண்டியில் எளிதாக வழிய வேண்டும் என்பதற்காக இரு மடங்கு நீர்கூடச் சேர்க்கிறோம். மிகுதி நீர் ஆவியாகும்போது பூச்சு சுருங்குகிறது. பின்னாலுள்ள செங்கல் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த இழுபறியில், வற்றிய ஏரியின் தரைபோல வலைவலையாய் மயிரிழை விரிசல்கள் தோன்றுகின்றன. சிமெண்டை அதிகம் கலந்தால் விரிசல் வராது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் சிமெண்ட் மிகுந்த கலவையே கூடுதலாகச் சுருங்கும்.

சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் கோட்டையும் பார்த்திருப்பீர்கள். துணிக்கடைக்காரர் ஓரத்தில் சிறிது கத்தரித்துவிட்டு, பிறகு கையாலேயே நேராகக் கிழித்துவிடுகிறார் அல்லவா? வெட்டின் கூர்முனையில் விசை குவிவதே காரணம். கூர்மையான மூலைகளிலும் விரிசல் முனைகளிலும் தகைவு இவ்வாறு பெருகுவதை இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலறிஞர் இங்லிஸ் 1913-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

வெயிலின் வேலை

மூன்றாவது வகை, மாடித் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடையாக ஓடும் விரிசல். காங்கிரீட், வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயரும்போது தன் நீளத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு விரிகிறது. 6 மீட்டர் நீளமுள்ள தளம் 20 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும். அடியிலுள்ள செங்கற்சுவர் அவ்வளவு சூடேறுவதில்லை. சூடேறினாலும் காங்கிரீட்டில் பாதியளவே விரியும். பகலில் தளம் சுவர்மீது நகர்கிறது, இரவில் திரும்புகிறது. நாள்தோறும் நடக்கும் இந்த அசைவை ஒரு கரண்டிச் சிமெண்ட் தடுத்து நிறுத்துமா? என் வீட்டு விரிசல் இந்த வகைதான்!

உயிருள்ள விரிசலா?

ஆகவே முதலில் கண்டறிய வேண்டியது, விரிசல் இன்னும் அசைகிறதா என்பதே. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டு, நாளை எழுதுங்கள். குறுக்கே மெல்லிய தாள் ஒன்றை ஒட்டுங்கள். ஐப்பசி மழை தொடங்கிச் சித்திரை வரை கவனியுங்கள். தாள் கிழிந்தாலோ, விரிசல் குறியைத் தாண்டினாலோ அது உயிருள்ள விரிசல்.

அகலத்தையும் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1984-இல் வெளியிட்ட கையேடு, 1 மி.மீ.க்குக் குறைந்த விரிசலை மெல்லியது என்றும், 2 மி.மீ.க்கு மேற்பட்டதை அகலமானது என்றும் வகுக்கிறது. அகலமான விரிசல் சாய்வாகப் படிப்படியாய் ஏறிச் சுவரின் இரு புறமும் தெரிந்தால், கதவும் நிலையில் இறுகினால், அடித்தளம் இறங்கியிருக்கலாம். நம் பகுதி செம்மண் மிகுந்தது. ஆயினும் இடையிடையே கரிசல் நிலமும் உண்டு. மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் மண் அது. இத்தகைய விரிசலைப் பூசி மறைப்பது அபாய அறிவிப்பை அழிப்பதற்கு ஒப்பாகும். பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

அடைக்கும் முறை

அசையாத சிறு விரிசலை நாமே சரிசெய்யலாம். முதலில் சுற்றிலும் விரலால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வந்தால் காரை செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதைப் பெயர்த்தே பூச வேண்டும். கெட்டியான ஒலி வந்தால், உளியால் விரிசலை 5 மி.மீ. அளவுக்கு அகலப்படுத்துங்கள். வாய் குறுகியும் அடி அகன்றும் இருந்தால் சாந்து பிடித்துக்கொள்ளும். தூசியைத் துலக்கி, நீர் தெளித்து நனையுங்கள். உலர்ந்த சுவர் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும் என்பதே இதன் காரணம்.

ஒரு பங்கு சிமெண்டுக்குச் சலித்த மணல் நான்கு அல்லது ஐந்து பங்கு, நீர் அளவாக. அழுத்தி நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஈரம் காத்திடுங்கள். வெறுங்கையால் சிமெண்டைத் தொடாதீர்கள், தோல் புண்ணாகும். மயிரிழை விரிசலுக்கு உளி வேண்டாம். பட்டி தடவினாலே போதும். தூணும் செங்கல்லும் சேரும் இடமாயின், நாமக்கல் கோழிப்பண்ணைகளில் காணும் அதே கோழிவலையை இருபுறமும் படுமாறு அடித்துப் பூசுவது நல்லது. இழுவிசையை வலை ஏற்றுக்கொள்ளும்.

பழைய சுண்ணாம்புக் காரை வீடாயின், சுண்ணாம்பாலேயே அடையுங்கள். அதன் நுண்விரிசல்கள் தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. மழைநீரில் கரையும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சங்ககிரிப் பக்கம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான்.

என் வீட்டு விரிசல் என்ன ஆயிற்று? தளத்தின் அடியில் நேரான பள்ளம் ஒன்றை வெட்டி, ரப்பர்போல் நெகிழும் அடைப்பானால் நிரப்பினேன். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பும் அடித்தேன். அது வெயிலைத் திருப்பியனுப்பித் தளத்தின் சூட்டைக் குறைக்கும். தளம் இன்றும் அசைகிறது; ஆனால் அசைவதற்கு இடம் இருக்கிறது. இரண்டு சித்திரைகள் கடந்துவிட்டன. கோடு திரும்பவில்லை.

அடுத்த முறை சுவரில் ஒரு கோட்டைக் கண்டால், கரண்டியைத் தேடுமுன் ஒரு பென்சிலைத் தேடுங்கள்.