நாட்காட்டித் தெய்வ ஓவியங்களில் நிறமும் தொனியும்

நாட்காட்டித் தெய்வ ஓவியத்தில் வரும் முருகனோ இலட்சுமியோ நேரில் ஒருவரைப் பார்த்தபடி வரைந்த உருவம் அன்று. நரம்பு, சுருக்கம், தசைத்திரள் ஆகியவை நீக்கப்பட்டு, கண்ணும் புன்னகையும் அணிகலனும் மிகுவிக்கப்பட்ட பாணியுருவம் ஆகும். இத்தகைய உருவத்திற்கு என்ன நிறம் தருவது, அதை எவ்வளவு வெளிர்ப்பது, எவ்வளவு கருக்குவது என்பன ஓவியர் முன் நிற்கும் முக்கியக் கேள்விகள். ஒரு நிறம் வெளிர்ந்தோ கருத்தோ நிற்கும் அளவு தொனி எனப்படும்.

கோவில்பட்டி மரபு

தமிழகத்தில் இக்கலையின் முதன்மை மையங்களுள் ஒன்று கோவில்பட்டி. சி. கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை எழுதி வந்த அவர், 1940-களில் அக்குழு கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கினார். மாணவர்களுடன் தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அது புகைப்பட நிலையமாகவும் இயங்கியது. இவ்வோவியங்கள் அருகிலுள்ள சிவகாசியில் அச்சாகிப் பரவின. பசுவந்தனை போன்ற கரிசல் ஊர்களில் கடைச் சுவரில் தொங்கிய படம், ஆண்டு முடிந்ததும் தாள் கிழிக்கப்பட்டுச் சட்டமிடப்பெற்றுப் பூசையிடத்திற்குச் செல்வதும் உண்டு.

மரபு தந்த நிறம்

நிறத்தில் ஓவியருக்கு உரிமை குறைவு. மீனாட்சி பச்சை, திருமால் நீலம், காளி கருமை என்பன முன்னரே முடிவானவை. மாற்றினால் பார்ப்பவர் தெய்வத்தை அடையாளம் காண இயலாது. ஆகவே ஓவியரின் திறன் பெரும்பாலும் தொனியில்தான் வெளிப்படுகிறது.

மீனாட்சியை எடுத்துக்கொள்வோம். மேனி பச்சை, கையிலுள்ள கிளியும் பச்சை. இரண்டையும் ஒரே தொனியில் தீட்டினால் கிளி கைக்குள் மறைந்துவிடும். மேனியை மஞ்சள் கலந்து வெளிர்த்து, கிளியை ஆழ்ந்த பச்சையில் நிறுத்தினால் இரண்டும் பிரியும். சேலையின் சிவப்பு இன்னொரு சிக்கல். பச்சையும் சிவப்பும் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள் எனினும், தொனி ஒன்றாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். மாணவர்கள் இதை எளிதில் சோதிக்கலாம்: பழைய நாட்காட்டிப் படம் ஒன்றைக் கைபேசியில் எடுத்து நிறத்தை நீக்கிப் பார்க்க வேண்டும். முகம் அப்போதும் தனித்து நின்றால் தொனி சரியாக அமைந்துள்ளது எனலாம்.

நாடகத் திரை தொலைவிலிருந்து பார்க்கப்படுவது. அதனால் பின்புலம் மங்கியும் முன்னுருவம் தெளிந்தும் இருக்க வேண்டும். புகைப்பட நிலையத்தில் எதிர்ப்படத்தின்மேல் பென்சிலால் திருத்தி முகத்தின் குழிகளையும் சுருக்கங்களையும் நீக்குவது அக்கால வழக்கம். தெய்வ முகத்தின் மழமழப்பை இவ்விரு தொழில்களோடும் சேர்த்துப் பார்ப்பது பொருந்தும். அச்சும் தன் பங்கிற்கு ஒரு விதியை வைத்தது. மலிவுத் தாளில் மை பரவும். ஓவியத்தில் சற்றே இருண்ட இடம் அச்சில் கருந்திட்டாகிவிடும். எனவே நிழலுக்குக் கறுப்பைக் கலவாமல், அந்நிறத்தையே ஓரிரு படி ஆழப்படுத்துவது பாதுகாப்பான வழி. நீல மேனியின் நிழல் கருநீலம். பொன்மேனியின் நிழல் செங்காவி. இராஜா இரவி வர்மாவின் (1848–1906) எண்ணெய் வண்ண ஓவியங்களில் உள்ள அடர்ந்த நிழல் நாட்காட்டித் தெய்வங்களிடம் அருகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

வெளுத்த கருமை

தொல்காப்பியம் கூறும் மாயோன் என்ற பெயருக்குக் கரியவன் என்று பொருள். சேயோன் சிவந்தவன். நாட்காட்டியிலோ கரியவன் வெளிர்நீலமாகவும், சிவந்தவன் இளஞ்சிவப்பாகவும் மாறினர். பழந்தமிழில் கருமை, நீலம், பச்சை ஆகியவை ஒன்றற்கொன்று நெருங்கிய சொற்களாக வழங்கியதால் நீலத்தை மரபு மீறல் என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்நீலம் இவ்வளவு வெளுத்ததற்கு அச்சை மட்டும் காரணம் காட்டுவது போதாது. கரிய உருவத்தைத் துலக்கும் வழிகள் ஓவியர்களுக்குத் தெரிந்தவையே: பின்புலத்தை வெளிர்த்தல், தோள் விளிம்பில் ஒளிக்கோடு இடுதல், பொன்னணிகளால் முகத்தைச் சூழ்தல். காளி படங்களில் இவற்றைக் காணலாம். ஆக, கருமை உக்கிரத்திற்கும் வெளுப்பு அருளுக்கும் என ஒரு பிரிவினை தொனிவழியே நுழைந்துவிட்டது. வெயிலில் கறுத்த உழவர் வீட்டுச் சுவரிலும் அதே வெளிர்மேனித் தெய்வங்களே தொங்கின.

2017-இல் சென்னையில் உருவான 'டார்க் இஸ் டிவைன்' என்ற புகைப்படத் தொடர் இவ்வழக்கத்திற்கு மறுமொழியாக அமைந்தது. கரிய நிறத்தவரே அதில் இலட்சுமியாகவும் முருகனாகவும் தோன்றினர். அணிகலன், மலர், அமர்வு ஆகியவை பெரும்பாலும் நாட்காட்டி மரபையே ஒட்டியிருந்தன. மேனியின் தொனி மட்டும் மாறியிருந்தது.