இளம் பாதிரிமாரின் உணவும் தமிழ்க் கல்வியும்: மதுரையும் தரங்கம்பாடியும்

தமிழ் உரைநடை வரலாற்றைக் கற்பிக்கும்பொழுது தத்துவ போதகர், சீகன்பால்கு, கால்டுவெல், போப் ஆகியோரை நாம் பெரும்பாலும் நூற்பெயர்களோடும் ஆண்டுகளோடும் சேர்த்தே அறிமுகம் செய்து வருகிறோம். பாடநூல்களில் இடம்பெறும் கால்டுவெல், போப் ஆகியோரின் படங்களும் அவர்தம் முதுமைக் காலத்தனவாகவே உள்ளன. ஆயின், இவர்கள் தமிழ் நிலத்தில் கால்வைத்தபோது இளைஞர்களாக இருந்தனர் என்பது நம் கவனத்திற்கு எளிதில் வருவதில்லை. மதுரையை அடைந்தபோது தத்துவ போதகருக்கு வயது 29. தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு 23 வயதினர். போப் 1839இல் சென்னைக்கு வந்தபோது 19 வயதினர். பெற்றோரையும் உற்றாரையும் பிரிந்து, மொழி அறியாத ஊரில், பழகாத வெயிலில் வாழத் தலைப்பட்ட இவ்விளைஞர்கள் எதை உண்டனர், யாருடன் உண்டனர், பகற்பொழுதை எவ்வாறு கழித்தனர் என்பவை வெறும் ஆர்வத்தால் எழும் வினாக்கள் அல்ல. அவர்கள் யாரிடம் தமிழ் கற்றனர், எத்தகைய தமிழைக் கற்றனர் என்பதற்கான விடையின் ஒரு பகுதி அவர்களது உணவு வேளையிலேயே அமைந்துள்ளது என்பது நம் கருத்து.

செரண்டா, பத்தாங் காலி, கோலசிலாங்கூர் ஆகிய வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர்க்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. துரை பங்களாவில் சமைப்பவர் தமிழர். மேசையில் அமர்ந்து உண்பவர் ஐரோப்பியர். சமைத்த கை ஒன்று, உண்ட வாய் வேறு. இரண்டிற்கும் இடையே ஒரு கதவு. மலேசியத் தமிழர் இன்றும் சமையலறையைக் குறிக்க வழங்கும் 'குசினி' என்ற சொல் போர்த்துக்கீசியத்தின் வழி வந்ததெனக் கருதப்படுகிறது. 'மேசை' என்பதும் அம்மொழிச் சொல்லே. மலாய் மொழியின் 'மேஜா'வும் அதே வேரினது. தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே சோழமண்டலக் கடற்கரையிலும் மலாக்காவிலும் ஐரோப்பிய வீடுகளின் வழியாகப் பரவிய சொற்கள் இவை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோர்க்கு அவற்றைப் புதிதாகக் கற்கவேண்டிய தேவை இருந்திருக்காது. அந்நாகப்பட்டினத்திற்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில்தான் தரங்கம்பாடி உள்ளது.

தரங்கம்பாடிக்குச் செல்லுமுன் மதுரையைக் காண்போம். இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி 1605இல் கோவாவை அடைந்து, 1606இல் மதுரைக்கு வந்தார். அங்கு ஏற்கெனவே பணியாற்றிக்கொண்டிருந்த கொன்சாலோ பெர்னாண்டசு என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் 'பறங்கி' என்றே அறியப்பட்டிருந்தார். அன்றைய மதுரையில் அச்சொல் ஒரு நாட்டாரை மட்டும் சுட்டவில்லை. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நாள்தோறும் நீராடாதவர் என்ற பொருள்களையும் அது தாங்கி நின்றது. அதாவது, ஒருவர் எந்தச் சமயத்தைப் போதிக்கிறார் என்று கேட்பதற்கு முன்பே அவர் எதை உண்கிறார் என்பதை வைத்து ஊரார் தீர்ப்பு வழங்கிவிட்டனர். நொபிலி இதனை விரைவில் உணர்ந்தார். காவியுடுத்தி, தோற்செருப்பை நீக்கிப் பாதக்குறடு அணிந்து, பிராமணச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டார். ஊனும் மீனும் முட்டையும் மதுவும் விலக்கப்பட்டன. நாளுக்கு ஒருவேளை, சோறும் காய்கறியும் பாலும் நெய்யுமே அவரது உணவாயின.

இவ்வுணவு மாற்றத்தைத் தந்திரம் எனக் கொள்வாரும் உளர். தவம் எனப் போற்றுவாரும் உளர். நாம் ஈண்டு நோக்குவது அதன் மொழிசார்ந்த விளைவையே. புலால் மறுத்ததனாலேயே சிவதருமர் என்ற பிராமண அறிஞர் அவருக்கு வடமொழி கற்பிக்க வாய்ப்பு ஏற்பட்டது. அவருடைய ஞானோபதேச காண்டம் முதலிய நூல்களின் உரைநடையில் வடசொற்கள் மிகுந்து காணப்படுவதற்கு இக்கல்விச் சூழலும் ஒரு காரணம் எனல் பொருந்தும். நற்கருணையைக் குறிக்கக் கத்தோலிக்கரிடையே நெடுங்காலம் வழங்கிய 'சற்பிரசாதம்' என்ற சொல்லும் இத்தகைய சூழலை நினைவூட்டுவது. கோயிலில் பெறும் உணவின் பெயரைத் தழுவி அமைந்த சொல் அது.

எனினும் இம்முறைக்கு ஒரு விலை இருந்தது. உயர்சாதியாருடன் பழகும்பொருட்டு அவர்களது உணவொழுக்கத்தை ஏற்ற துறவி, பிற சாதியாரின் இல்லங்களில் கைநனைக்க இயலாது. இச்சிக்கலுக்குத் தீர்வாகவே 1640இல் 'பண்டாரசாமி' என்ற இரண்டாம் வகைத் துறவியர் ஏற்படுத்தப்பட்டனர். 26 வயதில் இந்தியாவுக்கு வந்து, மறவர் நாட்டில் பணியாற்றி, 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் என்னும் யோவான் தெ பிரிட்டோ இவ்வகையினர். இடையில் தாயகமாகிய போர்த்துக்கல்லுக்குச் சென்றிருந்தபோதும் அவர் புலால் உண்ணாது காய்கனிகளையே உண்டு தரையிலேயே உறங்கினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அயலகத்து உணவு அவரைப் பொறுத்தவரை வேடமாக எஞ்சவில்லை. பிறந்த நாட்டிலேயே அவரை அயலவராக்கும் அளவுக்கு அது அவரது இயல்பாகிவிட்டிருந்தது.

தரங்கம்பாடியில் நிலைமை வேறு. செருமானியரான பர்த்தலோமேயு சீகன்பால்கும் என்றிக் புளுட்சாவும் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில் அனுப்பப்பெற்று, 1706 சூலை 9இல் அங்கு வந்து சேர்ந்தனர். கோட்டைத் தளபதி அவர்களை வரவேற்கவில்லை. டேனிசு வணிகக் குழுவின் ஆட்சிக்குட்பட்ட அவ்வூரில் ஐரோப்பிய இல்லங்களின் ஊழியரிடையே போர்த்துக்கீசியமே பெருவழக்காக இருந்தது. எனவே புளுட்சாவ் போர்த்துக்கீசியத்தையும் சீகன்பால்கு தமிழையும் கற்பதெனப் பிரித்துக்கொண்டனர். இது கூர்ந்து நோக்கத்தக்கது. ஐரோப்பியர் வீட்டுச் சமையலறையில் கிடைத்த மொழி தமிழன்று. தமிழ் வேண்டுமெனில் அதனை வெளியிலிருந்து வீட்டிற்குள் அழைத்துவர வேண்டியிருந்தது. சீகன்பால்கு அதைத்தான் செய்தார். முதியவராகிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் மாணவர்களோடு தம் வீட்டிற்கே வந்து பாடம் நடத்தச் செய்து, சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகினார். பல மொழியறிந்த அழகப்பன் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக உதவினார்.

அவர் தம் அன்றாட நேர ஒழுங்கைக் கடிதமொன்றில் மணிவாரியாகக் குறித்துள்ளார். காலை 6 முதல் 7 வரை மறைக்கல்வி. 7 முதல் 8 வரை கற்ற சொற்களை மீண்டும் பயிலுதல். 8 முதல் நண்பகல் 12 வரை தமிழ் நூல்களை ஆசிரியர் ஒருவர் துணையுடன் படித்தல். புதிதாக வரும் சொற்களையும் தொடர்களையும் அருகிலிருக்கும் எழுத்தர் ஒருவர் குறித்துக்கொள்வார். 12 முதல் 1 வரை உணவு. உண்ணும்போது ஒருவர் அவருக்குப் படித்துக் காட்டுவார். வெயில் கடுமையாக உள்ள 1 முதல் 2 வரை ஓய்வு. 2 மணிக்கு மீண்டும் மறைக்கல்வி. 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ் நூல்கள். மாலையில் வழிபாடும் அன்றைய நிகழ்ச்சிகள் பற்றிய கலந்துரையாடலும். விளக்கொளியில் மிகுதியாகப் படித்தல் கண்ணுக்கு ஆகாதென்பதால் 7 முதல் 8 வரை தமிழ் எழுத்தர் ஒருவர் படிக்கக் கேட்டல். 8 மணிக்கு இரவுணவு. அப்போதும் ஒருவர் படித்துக் காட்டுவார். அதன் பின்னர்ப் பிள்ளைகளோடு உரையாடல்.

இந்நேர ஒழுங்கில் உணவின் சுவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. உணவு வேளைகள் இரண்டும் செவிக்கு ஒதுக்கப்பட்டவை. அக்காலத் தமிழ்க் கல்வி ஏடு பார்த்துக் கற்பதாக மட்டும் இருக்கவில்லை. ஓதக் கேட்டு மனத்திற் பதிப்பதாகவும் இருந்தது. சுவடியில் புள்ளியின்றியும் இடைவெளியின்றியும் தொடர்ந்து செல்லும் எழுத்தை எங்கே நிறுத்துவது, எங்கே சேர்ப்பது என்பதைப் படிப்பவரின் குரலே உணர்த்தும். நாள்தோறும் பிறர் படிக்கக் கேட்ட இப்பழக்கம் அவரது தமிழறிவு விரைந்து வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் என்று நாம் கருதுகிறோம். வந்த இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானியத்தில் பெயர்த்தார். இச்சாதனைகளைச் சீகன்பால்கின் மேதைமையாக மட்டும் கற்பிப்பது போதாது. உண்பவர் அருகில் நின்றோ அமர்ந்தோ படித்துக் காட்டிய அக்குரல்களுக்கும் ஏடெடுத்து எழுதிய அக்கைகளுக்கும் நம் பாடத்திட்டத்தில் இன்னும் இடமில்லை.

நொபிலியைப் போல் சீகன்பால்கு தம் உணவொழுக்கத்தை மாற்றித் துறவியாக வாழவில்லை. மாறாக, ஐரோப்பியரைப் பற்றித் தமிழர் என்ன எண்ணுகின்றனர் என்று அவர்களிடமே எழுதிக் கேட்டார். 1712க்கும் 1714க்கும் இடையில் அவரும் கிரண்ட்லரும் பெற்ற 99 கடிதங்கள் செருமானியத்தில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் வெளியிடப்பட்டன. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு தானியேல் ஜெயராஜ், ரிச்சர்ட் பாக்சு யங் ஆகியோரால் 2013இல் வெளிவந்தது. கிறித்தவரை நம்மவர் இகழ்வதற்குரிய காரணங்களாக மாட்டைக் கொன்று உண்ணல், மது அருந்தல், உடற்தூய்மை பேணாமை ஆகியன அக்கடிதங்களில் எடுத்துரைக்கப்படுகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் மதுரையில் 'பறங்கி' என்ற சொல் தாங்கிய அதே குற்றச்சாட்டுகள்! ஆனால் இப்போது அவை தமிழரின் வாக்குமூலமாகவே பதிவாகி, ஐரோப்பியர் படிக்கும் நூலாயின. விருந்தினரை அவர் உண்ணும் முறையால் அளந்த மக்களின் குரலை இவ்வளவு நேராகக் கேட்க உதவும் ஆவணங்கள் அக்காலத்தில் அரியன.

பின்வந்த கால்டுவெல் திருநெல்வேலிப் பனங்காட்டு மக்களிடையே வாழ்ந்து, பதநீரும் கருப்புக்கட்டியும் அவர்களது உணவில் பெற்ற இடத்தை 1849இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அந்நூல் அம்மக்களைச் சித்திரித்த முறை அவர்களிடையே கடும் எதிர்ப்பை எழுப்பியது. பிறர் உணவை எழுதுவது வேறு, அவர்களுடன் உண்பது வேறு என்பதற்கு அது சான்று.

இவர்களது உணவு அனுபவம் தமிழ்ச் சொல்லாட்சியில் விட்டுச் சென்ற தடம் ஒன்றையும் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டலாம். கோதுமை ரொட்டியை அன்றாட உணவாகக் கொள்ளாத சமுதாயத்தில், வேதாகமத்தில் அடிக்கடி வரும் அவ்வுணவுக்கு எச்சொல்லை இடுவது? சோறு என்றால் பொருள் நிறையும், பண்டம் மாறும். ரொட்டி என்றால் பண்டம் நிற்கும், சொல் அந்நியமாகும். புரொட்டசுட்டண்டு மொழிபெயர்ப்புகளில் நிலைபெற்றது 'அப்பம்' என்னும் சொல். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் செய்து தெய்வத்திற்குப் படைக்கும் பண்டத்தின் பெயர் அது. செரண்டாவிலும் ரவாங்கிலும் காலையில் பசியாறச் செல்லும் மாணவனுக்கோ அப்பம் ஒரு கடையிலும் ரொட்டி வேறு கடையிலும் கிடைக்கும் இருவேறு உணவுகள். ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பகிரப்பட்ட நிகழ்ச்சியைப் படிக்கும்போது அவன் மனத்தில் தேங்காய்ப் பாலூற்றிய அப்பமே தோன்றும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், இயேசு கற்பித்த இறைவேண்டலில் 'உணவு' என்ற பொதுச்சொல்லை ஏற்றது. ஆயினும் ஐயாயிரம் பேர் உண்ட பகுதியில் அப்பத்தை அப்பமாகவே விட்டுவைத்தது.