கடைப் பையனுக்கு இடம் வகுப்பறையே

பொட்டலம் கட்டவும், டீ வாங்கி வரவும் ஒரு சிறுவனை வைத்துக்கொள்வது மளிகைக் கடைகளில் நெடுநாளைய வழக்கம். "படிப்பு ஏறவில்லை, தொழிலாவது பழகட்டும்" என்று பெற்றோரே கொண்டுவந்து விடுவதும் உண்டு. இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்ளும் வியாபாரி, இன்றைய சட்டத்தை அறிந்திருப்பது அவசியம்.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் சில தொழில்களில் மட்டுமே சிறுவர்களைத் தடுத்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழில் தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 செலுத்த வேண்டும் என்றது. 2006-இல் டீக்கடை, ஓட்டல் வேலைகளும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 14 வயது நிரம்பாதவரை எந்தக் கடையிலும் வேலைக்கு வைக்க முடியாது. முதல் குற்றத்திற்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தப் பிள்ளைகள் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பக் கடையில் உதவலாம், படிப்பு கெடக்கூடாது.

சட்டம் கடையிலிருந்து வெளியேற்றும். பள்ளியில் உட்கார வைப்பவர் ஆசிரியரே. தொடர்ந்து வராத மாணவனை முதலில் காட்டுவது அவரது வருகைப் பதிவேடு. அன்றே வீடு தேடிப் போய் விசாரித்தால் பிள்ளை திரும்புவான். மாதங்கள் கடந்தால் கூலி ருசி கண்டுவிடுவான். பசி தடையாக இருக்கக்கூடாது என்றே காமராசர் காலத்தில் மதிய உணவும், 1982-இல் சத்துணவும், 2022-இல் காலை உணவும் வந்தன.

இடையில் நின்றவனுக்கும் வழி உண்டு. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்திற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பிறப்புச் சான்றோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது.

நாம் செய்யக்கூடியது என்ன? வேலை கேட்டு வரும் சிறுவனை வெறுங்கையோடு விரட்டாமல், அருகிலுள்ள பள்ளித் தலைமையாசிரியரிடம் அழைத்துச் செல்வோம். அவன் தாய்க்கோ தந்தைக்கோ நம் கடையில் வேலை தர முடியுமா என்று பார்ப்போம். நோட்டு, பேனா வாங்கித் தருவது நமக்குப் பெரிய செலவல்ல. வேறெங்கேனும் குழந்தைகள் வேலை செய்யக் கண்டால் 1098 எண்ணுக்குத் தெரிவிப்போம்.

நாளைக்கு நம் கணக்கைப் பிழையின்றி எழுதப் போகிறவனும், நம்மிடம் சரக்கு வாங்கப் போகிறவனும் இன்று பள்ளிக்குப் போகும் பையன்தான்.